கொடி விழுந்த பிறகு ஒரு சுற்று

பந்தயக் காரின் வேகத்தில் மயங்கி தடத்துப் பாதுகாப்பு வேலைக்கு வந்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் எல்லோரும் கையைத் தூக்குவீர்கள். எனக்கோ கையைத் தூக்கி ஆட்டுகிறவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். அது ஏன் வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பந்தயத் தடத்தில் பாதுகாப்புப் பொறுப்பாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். அதற்கு முன்பு அதே தடத்தில் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, ஓட்ட வந்தவர்களுக்குக் காரைக் கட்டுக்குள் வைக்கக் கற்றுக்கொடுத்தேன். இப்போது மந்தைவெளியில், ரயில் போனால் ஜன்னல் அதிரும் வீடு ஒன்றில் இருக்கிறேன். டயரில் எவ்வளவு காற்று, எந்தக் கொடிக்கு என்ன அர்த்தம், தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் படம் போட்டுக் காட்டிவிடுவார்கள். நான் சொல்வது அந்தப் படங்களில் வராது.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊர்ச் சாலையில் ஓட்டிப் பழகியவனுக்குக் குறுக்கே வருவதையே பார்க்கும் கண் வந்துவிடுகிறது. வேளச்சேரி சிக்னலில் அந்தக் கண் இல்லாமல் யாரும் வீடு போய்ச் சேர முடியாது. தடத்தில் அதே கண் ஆளைக் கொல்லும். பின்சக்கரம் வழுக்குகிறபோது சுவரைப் பார்த்தால், கை தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பும், வண்டியும் அங்கேயே போகும். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் கை அதன் பின்னால் வரும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். பயந்தவன் சுவரைத்தான் பார்ப்பான். நான் பக்கத்தில் இருந்து ஹெல்மெட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டு, "அங்க பாருடா" என்பேன்.

என்னிடம் வந்தவர்களில் ஹெல்மெட்டைத் திருப்ப வேண்டிய தேவையே இல்லாமல் இருந்தவன் கதிர். தி. நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் ஒரே மகன். அப்பாவை அந்தத் தெருவே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். தெற்கத்திக்காரர், சென்னைக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் பேச்சு மாறவில்லை. முதலில் மகன் ரேஸுக்குப் போவதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "துணி மடிக்கத் தெரியாதவன் கார மடிக்கப் போறானாக்கும்" என்று என்னிடமே கேட்டார். பையன் ஜெயிக்கத் தொடங்கியதும் வெள்ளை வேட்டியோடு தடத்துக்கு வந்து, வெயிலில் நின்று, யாரைப் பார்த்தாலும் "நம்ம பையன்" என்று காட்ட ஆரம்பித்தார்.

கதிரின் காரைப் பார்த்துக்கொண்டவன் பாபு. மந்தைவெளி ரயில் நிலையத்தின் பின்பக்கம் ஷெட் வைத்திருந்தான். வாய் நீளம். ஒரு போல்ட்டை முடுக்கும் நேரத்தில் மூன்று பேரைக் கிண்டல் செய்துவிடுவான். ஆனால் கதிரை சீட்டில் உட்கார வைத்துப் பெல்ட் மாட்டும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வான். இடுப்புக்கும் தோளுக்கும் காலிடுக்குக்கும் தனித்தனியாக வரும் பெல்ட் அது. தோள் பெல்ட்டின் நுனியைப் பிடித்து இழுத்தால் இறுகும். அதிலுள்ள சின்னப் பிடியைத் தூக்கினால் தளரும். ஹெல்மெட்டோடு சேர்த்து மாட்டுகிற கழுத்துக் காப்பும் அந்தத் தோள் பெல்ட்டுக்கு அடியில்தான் அமுங்கி உட்கார வேண்டும். தோள் பெல்ட் தளர்ந்தால் கழுத்துக் காப்பு வெறும் அலங்காரம்.

இனி எங்கள் தடத்தின் கேடுகெட்ட வழக்கத்துக்கு வருகிறேன். பந்தயம் முடிந்து கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி விழுந்த பிறகு, இன்ஜின் சூடு தணிய எல்லாக் கார்களும் மெதுவாக இன்னொரு சுற்று வரும். அந்தச் சுற்றில் ஜெயித்தவன் கை வெளியே போகாமல் காக்கும் ஜன்னல் வலையை அவிழ்ப்பான், தோள் பெல்ட்டைத் தளர்த்துவான், கையை வெளியே நீட்டித் தன் ஆட்களுக்குக் காட்டுவான். கடைசி வளைவில் அவனுடைய ஆட்கள் மாலையோடு நிற்பார்கள். மைக்கில் பேசுகிறவர், "நம்ம சாம்பியன் கை காட்டப் போறார், பார்த்துக்கிட்டே இருங்க" என்பார். படம் எடுக்கிறவர்கள் அங்கேதான் குவிவார்கள். சாமி புறப்பாடு கெட்டது போங்கள்.

ஓட்டுபவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. நம் ஊர் வெயிலில், அந்தத் தடித்த உடைக்குள், மூடிய காருக்குள் வெந்து கிடப்பவனுக்குக் கொடி விழுந்ததும் முதலில் தோன்றுவது பெல்ட்டைத் தளர்த்தி ஒரு மூச்சு விட வேண்டும் என்பதுதான். எனக்கு முன்னால் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர் கடைசி வண்டியின் இன்ஜின் நிற்கும்வரை டீ கிளாஸைத் தொடமாட்டார், எங்களையும் தொடவிடமாட்டார். நான் அவருடைய வழியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் ஓட்டுபவர்களிடம், "வண்டி நிக்கிற வரைக்கும் பெல்ட்டுல கை வெச்சா அடுத்த ரேஸ் கிடையாது" என்று கத்துவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். பந்தயம் நடத்தும் கமிட்டிக்காரர்கள் பின்னால் நின்று சிரிப்பார்கள். கூட்டம் வருவதே அந்தக் கை காட்டலுக்குத்தான் என்று செயலாளர் என்னிடம் ஒருமுறை வெளிப்படையாகவே சொன்னார்.

கதிர் பெரிய பிரிவில் முதல் தடவை ஜெயித்த நாளில் அண்ணாச்சி கடைக்கு விடுமுறை விட்டு, விற்பனைப் பெண்கள் முதற்கொண்டு எல்லோரையும் பஸ் பிடித்துக் கூட்டிவந்திருந்தார். கடைசி வளைவின் வேலிக்குப் பின்னால் அவர்கள் நின்றார்கள். நான் அந்த வளைவுக்கு எதிர்ப்புறம் மீட்பு வண்டியில் இருந்தேன்.

கொடி விழுந்தது. கதிர் மெதுவாகச் சுற்றி வந்தான். பந்தயம் முழுக்க டயர்கள் உதிர்த்த ரப்பர்த் துணுக்குகள் எப்போதும் ஓடுகிற பாதைக்கு வெளியேதான் குவிந்து கிடக்கும், அதன் மேல் ஏறினால் எந்த வண்டியும் வழுக்கும். அப்பாவுக்குப் பக்கத்தில் போவதற்காக அவன் பாதையை விட்டு வெளியே வந்தான். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை வெளியே, முகம் கூட்டத்தின் பக்கம். பின்பக்கம் விலகியது. ஒரு கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்தான், போதவில்லை. அவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தானோ அந்தப் பக்கம் இருந்த சுவரில் போய் மோதினான்.

பெரிய வேகம் ஒன்றும் இல்லை. நீங்கள் காலியான சாலையில் வீட்டுக்குப் போகிற வேகம்தான். பெல்ட் இறுக்கமாக இருந்திருந்தால் அவன் தானே இறங்கி நடந்து வந்து என்னிடம் திட்டு வாங்கியிருப்பான்.

நாங்கள் போனபோது மூச்சு இருந்தது, நினைவில்லை. தலை முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. நான் உள்ளே நுழைந்து ஹெல்மெட்டை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். கழுத்துப் பட்டையும் ஆளைப் படுக்க வைக்கும் பலகையும் வரும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். அந்த நிலையில் கண்ணுக்கு நேராக இருந்தது தோள் பெல்ட். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குத் தளர்ந்து கிடந்தது. பெல்ட்டைக் காரோடு பிடித்திருந்த போல்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குள் அண்ணாச்சி வேலியைத் தாண்டி வந்துவிட்டார். வேட்டி கிழிந்திருந்தது.

"எம்புள்ளைக்கு மூச்சு ஓடுது சார். விலகுங்க, நான் தூக்குதேன்."

"தொடாதீங்க அண்ணாச்சி. கழுத்து அசையக் கூடாது."

"பெத்தவன் சார் நான். நானா தொடக் கூடாது? ஒரு தடவ கையப் பிடிச்சுக்கிடுதேன், விடுங்க."

அவர் கை கதவுக்குள் வந்துவிட்டது. அவர் நிதானத்தில் இல்லை. கையைப் பிடிக்கிறேன் என்று சொல்லித் தோளைப் பிடித்து இழுத்துவிடுவார் என்று பயந்தேன். என் ஆட்கள் இருவரிடம் அவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்துகொண்டு மண்ணை அறைந்தார். மகனை ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை அவரை நாங்கள் கிட்டே விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கதிர் இறந்துவிட்டான்.

அன்றைக்கு நான் செய்தது சரி. இன்றைக்கு அதே நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன், நீங்களும் அதையேதான் செய்ய வேண்டும். ஆனால் சரியானதைச் செய்தவனுக்கு இரவில் தூக்கம் வரும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். உயிரோடு இருந்த மகனை அவர் தொடவில்லை. தொடவிடாதவன் நான்.

சில நாட்களில் பாபுவைப் போலீஸ் கூப்பிட்டது. பெல்ட்டைச் சரியாக மாட்டாமல் விட்டதால்தான் மகன் செத்தான் என்று அண்ணாச்சி புகார் கொடுத்திருந்தார். பெல்ட்டில் கோளாறு என்று அவருக்குச் சொன்னதே எங்கள் கமிட்டிதான். கை காட்டும் வழக்கம் வெளியே வந்தால், மைக்கில் கூவியவர்கள் முதல் அனுமதி கொடுத்தவர்கள் வரை பதில் சொல்ல வேண்டி வரும். மெக்கானிக் என்றால் ஓர் ஆளோடு போயிற்று.

பாபு ஸ்டேஷனிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இன்னா சார் இது. என் கையால இஸ்து இஸ்து டைட் பண்ண பெல்ட்டு சார் அது. மூச்சு வுட முடில பாபுன்னு சிரிச்சுக்கினே சொல்லிச்சு கதிரு. இப்ப என்னிய குந்த வெச்சி, லூசா வுட்டியாடான்னு கேக்கறாங்க. உள்ள தூக்கிப் போட்ருவாங்களா சார்? வூட்ல ரெண்டு பொண்ணு கீது சார்."

"நான் பாத்தேன் பாபு. உன் மேல தப்பில்ல."

"நீ பாத்தது எனக்குத் தெரியும் சார். அத அவுங்களாண்ட சொல்லு சார்."

அடையாறில் இருந்த கமிட்டி அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் ஏசியைக் கூட்டி வைத்து, காபி சொல்லி, ஓர் அறிக்கையைத் தள்ளினார். பெல்ட் பொருத்தியதில் குறை இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது.

"இருந்திருக்கலாம்னுதான் சார் போட்டிருக்கோம். யாரையும் குத்தம் சொல்லல. நீங்க கையெழுத்து போட்டா முடிஞ்சுது."

"ஸ்டேஷன் பெஞ்சுல ஒருத்தன் உக்காந்துட்டு வந்திருக்கான். அவனும் உக்காந்திருக்கலாம்னுதான் அர்த்தமா?"

"ரிட்டயர் ஆகற நேரத்துல உங்களுக்கு எதுக்கு சார் இந்த வம்பு?"

காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அது ஒன்றும் வீரமில்லை, அவ்வளவு கோபம். விபத்து விசாரணை வருகிற வாரம் என்றார்கள். அங்கே போய் நான் பார்த்ததைச் சொல்லியே தீர்வது என்று முடிவு செய்துவிட்டேன். அப்போதுதான் அண்ணாச்சியின் நினைப்பு வந்தது. அந்த அறையில் அவரும் இருப்பார். உங்கள் மகன் உங்களுக்குக் கை காட்டப் பெல்ட்டைத் தளர்த்தினான் என்பதை வக்கீல்களுக்கும் கமிட்டிக்காரர்களுக்கும் நடுவில் அவர் கேட்க வேண்டி வரும். தடத்தில் அவருக்கு நான் செய்தது போதும் என்று பட்டது. அவரிடம் முதலில், தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்று தி. நகருக்குப் பஸ் ஏறினேன்.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். உண்மையைச் சொல்வது மட்டும் நம் வேலை என்று நினைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். யாருக்கு அது அதிகமாக வலிக்குமோ அவர் அதை யார் வாயிலிருந்து, எந்த இடத்தில் கேட்கிறார் என்பதையும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

கடையில் முகூர்த்தக் கூட்டம். மாடியில் அவருடைய அறைக்குப் போனேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் பெரிய படம் மாட்டியிருந்தது, சந்தன மாலை போட்டு. அப்படி ஒரு படம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. அன்றைக்கு, மோதுவதற்குச் சற்று முன், கடைசி வளைவில் யாரோ எடுத்தது. கதிர் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சிரிக்கிறான். தோள் பெல்ட் தோளில் இல்லை, நழுவி மேற்கையில் தொங்குகிறது. தடத்தில் வேலை செய்த யாருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அவர் கண்ணுக்கு அது படவே இல்லை.

"பாத்தியளா சார், எப்படிச் சிரிக்கான்னு. மூஞ்சி பாதி ஹெல்மெட்டுக்குள்ள இருந்தும் சிரிப்பு தெரியுது பாருங்க. காலையில கடையத் திறந்ததும் இவன் மொகத்துலதான் முழிக்கேன். இந்த ஒரு படம்தான் சார் என்னைய நடமாட வச்சிருக்கு."

நல்லா இருக்கு அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டு இறங்கியிருக்கலாம். வாய்வரை வந்தது. பாபு என் வீட்டு வாசலில் உட்காராமல் நின்றதை நினைத்துக்கொண்டேன். எழுந்து கதவைச் சாத்தினேன்.

"பாபு மேல தப்பில்ல அண்ணாச்சி."

"பெல்ட்டு கோளாறுன்னு ஒங்க ஆபீஸ்லதான் சொன்னாங்க."

"பெல்ட்டுல கோளாறு இல்ல. போல்ட்டும் கழலல. தலையப் பிடிச்சுக்கிட்டு உள்ள இருந்தவன் நான். ரெண்டு தோள் பக்கமும் ஒரே அளவு தளர்ந்திருந்துச்சு. கையால தளர்த்தினாத்தான் அப்படி இருக்கும்."

"எவன் தளர்த்துனான்?"

படத்தைப் பார்த்தேன். அவரும் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார். கீழே யாரோ புடவைக்குப் பேரம் பேசுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்துக்கு அருகில் போனார். மகனின் மேற்கையில் தொங்கிய பெல்ட்டின் மேல் விரலை வைத்தார்.

"இதா சார்?"

"ஆமா அண்ணாச்சி."

விரலை எடுக்கவே இல்லை. எனக்கு முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"அவன் ரோட்டத்தான் சார் பாத்துக்கிட்டு வந்தான். நாந்தான் மொதல்ல கையக் காட்டுனேன். துண்ட எடுத்துச் சுத்திச் சுத்திக் காட்டுனேன். அப்பறந்தான் அவன் திரும்புனான்." தலையை மட்டும் திருப்பிக் கேட்டார். "நான் காட்டலேன்னா, சார்?"

தடத்தில் எத்தனையோ தடவை நொடியில் முடிவெடுத்தவன் நான். அங்கேயும் வாய் முந்திக்கொண்டது.

"எல்லாரும் செய்யறதுதான் அண்ணாச்சி. நீங்க காட்டலேன்னாலும் அவன் காட்டியிருப்பான்" என்றேன். அது நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"சரி, நீங்க போயிட்டு வாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாளே அவர் ஸ்டேஷனுக்குப் போய், மெக்கானிக் மேல் தனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். விசாரணையில் நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் அங்கே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பாபு தப்பித்தான். ஆனால் அவன் அதற்குப் பிறகு ஒரு பந்தயக் காரையும் தொடவில்லை. இப்போது அதே ஷெட்டில் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறான். வழியில் பார்த்தால் நன்றாகப் பேசுவான். நான் கார் பேச்சை எடுத்தால் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நகர்ந்துவிடுவான்.

கமிட்டிக்காரர்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தி வழியனுப்பினார்கள். நேர்மையைப் பற்றிச் செயலாளர் பேசினார், கைதட்டினார்கள். வண்டி நிற்கும்வரை பெல்ட்டைத் தளர்த்தக் கூடாது என்று விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். போன பந்தயத்துக்கு என்னை விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். கொடி விழுந்தது, ஜெயித்தவன் ஜன்னல் வழியே கையை நீட்டினான், மைக் கூவியது, என் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை ஆட்டினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அதனால்தான் உங்களைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேசுகிறேன். கடைசி வளைவில் உங்களை நிறுத்துவார்கள். எல்லோரும் ஜெயித்தவனின் முகத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் தோளைப் பாருங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால், எவ்வளவு பெரிய ஆள் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் எழுதிக் கொடுங்கள், அடுத்த பந்தயத்தில் ஓட்டவிடாதீர்கள். உங்களைத் திட்டுவார்கள், கூட்டத்தின் சந்தோஷத்தைக் கெடுக்கிறான் என்பார்கள். கெடுத்துவிட்டுப் போங்கள்.

போன மாதம் தங்கை மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அந்தக் கடைக்குப் போக வேண்டி வந்தது. வேறு கடைக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன், வீட்டில் கேட்கவில்லை. நான் வந்திருப்பதை யாரோ சொல்ல, அண்ணாச்சி மாடிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நன்றாக மெலிந்திருந்தார். காபி சொன்னார், கல்யாணம் எங்கே என்று விசாரித்தார். பின்னால் சுவரில் கதிரின் படம் இருந்தது. சட்டம் புதிது. முகம் மட்டும் பெரிதாக்கப்பட்டிருந்தது. ஹெல்மெட்டின் கீழ் விளிம்போடு படத்தை வெட்டியிருந்தார்கள். தோளும் இல்லை, நீட்டிய கையும் இல்லை.

நான் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"பழைய பிரேம் ஒடஞ்சு போச்சு சார். அதான் மாத்தினோம்."

"நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றேன்.